கல்சேறும் கட்டிங் ஆயிலும்: வீட்டில் கல் அறுப்பவர்களுக்கு

பத்து இஞ்ச் டைமண்ட் பிளேடு ஒரு அகேட் கல்லை ஒருமுறை குறுக்கே அறுத்தால் எவ்வளவு கல் மாவாகிறது? கணக்குப் போட்டுவிடலாம். பிளேடு போடும் பள்ளத்தின் அகலம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். கல்லின் முகம் 10 சென்டிமீட்டருக்கு 7 என்றால் ஒரு அறுப்புக்குப் பத்தரை கன சென்டிமீட்டர் கல் பொடியாகிறது, எடையில் 27 கிராம். பத்து ஸ்லாப், அதாவது பலகையாக அறுத்த துண்டு, எடுத்தால் கால் கிலோவைத் தாண்டும். ஐம்பது எடுத்தால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். அவ்வளவும் பிளேடுக்குக் கீழே மெஷினின் தொட்டியில் இருக்கும் ஆறு லிட்டர் எண்ணெய்க்குள்தான் போய்ச் சேர்கிறது. படியும்போது தன்னோடு எண்ணெயையும் பிடித்துவைத்துக்கொள்வதால், அந்தப் பொடி அடியில் ஒரு லிட்டருக்குக் குறையாத சேறாக நிற்கும்.

கல் அறுக்கும் எண்ணெயைப் பராமரிப்பது என்றால் இந்தச் சேற்றைக் கவனிப்பதுதான். நல்ல மினரல் ஆயில் லேசில் கெடாது, இற்றுப்போகாது. சேற்றைப் பிரித்து எடுத்துவிட்டால் அதே எண்ணெய் வருடக்கணக்கில் ஓடும். சேற்றோடு ஓட்டினால் முதலில் போவது பிளேடு, அடுத்து பேரிங்.

எண்ணெய்க்கு இங்கே மூன்று வேலை. பிளேடின் விளிம்பில் உள்ள வைரத் துகளும் கல்லும் உரசும் இடத்தைக் குளிரவைக்க வேண்டும், வழுக்கலாக வைக்க வேண்டும், அரைபட்ட பொடியை அந்தக் குறுகிய பள்ளத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். கிச்சன் மேடைக்கு கிரானைட் அறுப்பவர்கள் தண்ணீரிலேயே அறுக்கிறார்களே என்று கேட்பார்கள். அவர்களுடைய பிளேடு தடிமன், விளிம்பு துண்டு துண்டாக இடைவெளி விட்டிருக்கும், தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டே இருக்கும். நம்முடையது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய தகடு, தொட்டியில் தேங்கிய திரவத்தை விளிம்பில் ஏந்திச் சுற்றுவது. அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் இனக் கற்களை இதில் வெறும் தண்ணீர் வைத்து அறுத்தால் பிளேடின் ஆயுள் நன்றாகக் குறையும், ஷாஃப்டும் கல்லைப் பிடிக்கும் வைஸும் துருப்பிடிக்கும்.

எந்த எண்ணெய்

முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய குறிப்புகளில் டீசலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலக்கச் சொல்லியிருக்கும். அவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. நம் நாட்டுத் தர விதிப்படி மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரிக்குக் குறையக்கூடாது. அது கீழ் எல்லை மட்டும்தான். சென்னையில் மே மாதத்து மதியம் காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. மூடிய பெட்டிக்குள் ஆவி, சுற்றும் பிளேடு, எப்போதாவது தெறிக்கும் பொறி, பக்கத்திலேயே மோட்டார். இந்தச் சேர்க்கையை வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளக்கூடாது.

கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். வழுக்கலில் குறை இல்லை. ஆனால் காற்றும் சூடும் பட்டுப்பட்டுக் காறல் நாற்றம் எடுக்கும், பிறகு பிசினாக இறுகி வைஸின் திருகிலும் மூடியின் உட்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டுவது பெரும்பாடு. லேத் பட்டறையில் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஊற்றும் கூலண்டை வாரத்தில் ஒருநாள் மட்டும் ஓடும் நம் தொட்டியில் ஊற்றினால், இந்த வெக்கையில் சீக்கிரமே அழுகி நாறும். இரும்பு அறுக்கும் நீட் கட்டிங் ஆயிலில் கந்தகம், குளோரின் சேர்ந்த சேர்மானங்கள் இருக்கலாம். அவை உலோகத்துக்கானவை. கல்லுக்கு ஒரு பயனும் இல்லை, அந்தப் புகையை மூச்சில் இழுப்பதுதான் மிச்சம்.

வேண்டியது நிறமில்லாத, மணமில்லாத, சுத்திகரித்த மினரல் ஆயில். கடையில் லைட் லிக்விட் பாரஃபின் என்றோ ஒயிட் ஆயில் என்றோ கேளுங்கள். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குத் தருவது பெரும்பாலும் ஹெவி ரகம். அது கெட்டி, சின்னப் பாட்டிலில் விலையும் அதிகம். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கேன் கணக்கில் கேட்டால் விலை இறங்கும். கேட்கும்போது கிரேடு மட்டும் போதாது, 40 டிகிரியில் விஸ்காசிட்டி, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, எவ்வளவு என்று டேட்டா ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 10 முதல் 15 சென்டிஸ்டோக்ஸ் வரை இருப்பது சரி. இரண்டும் கிடைத்தால் சென்னைக்கு 15ஐ எடுங்கள். குளிர் ஊரில் எண்ணெய் இறுகிவிடுமோ என்பது கவலை. நமக்குப் பிரச்சினை நேர் எதிர்: ஏற்கெனவே சூடான அறையில் மெல்லிய எண்ணெய் இன்னும் மெலிந்து, பிளேடு விசிறும்போது பனிப்புகையாக மிதக்கும். 22க்கு மேல் போனால் பொடி அடியில் இறங்க மறுக்கும், ஸ்லாப்போடு போகும் எண்ணெயும் கூடும். ஃபிளாஷ் பாயிண்டையும் அதே தாளில் பாருங்கள். 150 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

அம்பத்தூர், கிண்டி பக்கத்து ஆயில் கடைகளில் ஸ்பிண்டில் ஆயில், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் எளிதாகக் கிடைக்கும். புத்தம்புது டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலின் விஸ்காசிட்டி நமக்குப் பொருந்தும். வாசனையும் சுத்தமும் ஒயிட் ஆயிலுக்கு ஒரு படி கீழே. அவசரத்துக்குச் சரி. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய எண்ணெய்களில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பார்த்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மட்டம்

பிளேடின் அடி விளிம்பு எண்ணெயில் 8 முதல் 10 மில்லிமீட்டர் முங்கினால் போதும். வைர விளிம்பு முழுக்க நனைய வேண்டும், அதற்குமேல் தேவையில்லை. ஆழம் கூடினால் பிளேடு துடுப்புப் போட்ட மாதிரி எண்ணெயை அள்ளி வீசும், மோட்டார் திணறும், மூடியின் இடுக்கெல்லாம் ஒழுகும். குறைந்தால் கல்லுக்குள் எண்ணெய் எட்டாமல், அறுக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறப் பொறிக்கோடு தெரியும். பொறி தெரிந்த மாத்திரத்தில் நிறுத்துங்கள்.

மட்டம் பார்க்க ஒரு முறை உண்டு. கல் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள், ஐந்து நிமிடம் எண்ணெய் இறங்கட்டும், அதன்பிறகு பாருங்கள். ஓடும்போது ஒரு பங்கு எண்ணெய் மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் என்பதால், முதல்முறை ஊற்றியவுடன் பார்க்கும் மட்டம் ஏமாற்றும். சரியான மட்டம் கிடைத்ததும் தொட்டியின் உட்சுவரில் ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள்.

இங்கே ஏமாந்துவிடக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. சேறு சேரச் சேர எண்ணெய் மட்டம் இறங்காது. எண்ணெய் குறைந்த இடத்தைச் சேறு நிரப்பி, மட்டம் கோட்டிலேயே நிற்கும். மேலே பார்த்தால் எல்லாம் சரி. கீழே பிளேடு எண்ணெயில் அல்ல, கூழில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் மட்டத்தோடு அடியையும் அளக்க வேண்டும். ஓர் இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாக மெதுவாக விடுங்கள். முதலில் தங்குதடையில்லாமல் இறங்கும், பிறகு தயிரில் இறங்குவது போலத் தடுக்கும், கடைசியில் தொட்டியின் தகட்டில் டக்கென்று முட்டும். தடுக்கத் தொடங்கிய இடத்துக்கும் முட்டிய இடத்துக்கும் உள்ள உயரம்தான் சேறு. பிளேடின் அடிக்கும் தொட்டியின் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியில் பாதியை அது எட்டிவிட்டால் கழுவும் நாள் வந்துவிட்டது. முன்சொன்ன கணக்கில் ஆறு லிட்டர் தொட்டிக்கு அது ஐம்பது அறுப்பை ஒட்டி வரும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க பிளேடைக் கழற்றிக் கையில் எடுங்கள். வைர விளிம்பு முடிந்து இரும்புத் தகடு தொடங்கும் இடத்தில் நகத்தை வைத்து மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். நல்ல பிளேடில் நகம் விளிம்பின் தடிமனில் ஒரு சின்னப் படியை உணரும், அவ்வளவுதான். சேற்றில் ஓடிய பிளேடில் அந்த இடத்தில் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். கல்பொடி அந்தக் கழுத்தைச் சாணை பிடித்தது போல் தேய்த்திருக்கிறது. விளிம்பில் வைரம் மிச்சமிருக்கும், ஆனால் அதைத் தாங்கும் இரும்பு மெலிந்திருக்கும். ஒருநாள் விளிம்பு துண்டாகப் பெயர்ந்து தெறிக்கும். பள்ளம் கையில் தட்டினாலே அந்த பிளேடை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். அறுப்பு மெதுவானால் எல்லோரும் எண்ணெயைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் பிளேடு மழுங்கியிருக்கும்: வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் வழவழவென்று மூடிக்கொண்டுவிடும். சாணைச் சக்கரத்தின் உடைந்த துண்டையோ சாதாரணச் செங்கலையோ வைஸில் பிடித்து நாலைந்து முறை அறுங்கள். புதிய வைரம் வெளியே வந்ததும் வேகம் திரும்பும். திரும்பவில்லை என்றால் எண்ணெயைப் பாருங்கள். செங்கல் பொடியும் தொட்டியில்தான் சேரும் என்பதால் கழுவுவதற்கு முந்தைய நாள் இதைச் செய்வது நல்லது.

தொட்டி கழுவுவது

இரண்டு நாள் மெஷினைத் தொடாமல் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயை முதலில் தனியாக எடுக்க வேண்டும். அதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் போதும். வாயால் உறிஞ்சக்கூடாது. மினரல் ஆயில் நுரையீரலுக்குள் போனால் வெளியேறாமல் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். டியூபில் சுத்தமான எண்ணெயை நிரப்பி, இரு முனையையும் கட்டைவிரலால் மூடி, ஒன்றைத் தொட்டியிலும் இன்னொன்றைக் கீழே கேனிலும் வைத்து விரலை எடுங்கள். தானாக ஓடும். தொட்டிக்குள் இருக்கும் முனையைச் சேற்றுக்கு இரண்டு விரல்கடை மேலே பிடித்திருங்கள்.

அடுத்தது சேறு. மேலே கூழாகவும் அடியில் குயவர் களிமண் மாதிரி இறுகியும் இருக்கும். பெயிண்டர்கள் புட்டி போடும் தகடும் ஒரு பிளாஸ்டிக் முறமும் இருந்தால் பத்து நிமிட வேலை. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பர் கையுறை மினரல் ஆயிலில் ஊறி உப்பிவிடும். அதே காரணத்தால்தான் தொட்டியின் மூடிக்கு சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போட்டால் கொஞ்ச நாளில் நெளிந்து நிற்கிறது. அங்கேயும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டே நிற்கும்.

அள்ளிய சேற்றில் எடுத்ததைவிட அதிகமாக எண்ணெய் இருப்பது போலத் தெரியும். அதை வீணாக்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையைத் தைத்துப் பையாக்குங்கள். ஜீன்ஸ் இல்லையென்றால் காடா துணி இரட்டை மடிப்பு. காபி ஃபில்டர் காகிதம் ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும், பிரவுன் பேப்பர் பை கனம் தாங்காமல் கிழியும். பையைச் சேற்றால் முக்கால்வாசி நிரப்பி, ஒரு பக்கெட்டின் வாயில் கம்பு போட்டுத் தொங்கவிட்டு மேலே தட்டால் மூடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயில் நமக்குத் தரும் ஒரே உதவி இதுதான், முழுசாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் 35 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் அதன் விஸ்காசிட்டி ஏறக்குறைய பாதியாகிறது, துணியில் இறங்கும் வேகம் இரட்டிக்கிறது. முதல் ஒரு மணிநேரம் வடிவது கலங்கலாக இருக்கும், அதைத் திரும்பப் பைக்குள்ளேயே ஊற்றுங்கள். துணியின் உட்பக்கம் பொடி படர்ந்து அதுவே வடிகட்டியாக மாறிய பிறகுதான் தெளிவாக வரும். நல்ல வெயிலில் மூன்று நாளில் பைக்குள் இருப்பது கையால் அழுத்தினால் தடம் பதியும் கட்டியாகிவிடும். பையை முறுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் பொடியும் சேர்ந்து வெளியே வரும், மூன்று நாள் உழைப்பும் வீண்.

தொட்டியிலிருந்து எடுத்த எண்ணெயும் பையிலிருந்து வடிந்ததும் இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். இதைத் தெளியவைக்க வேண்டும். எவ்வளவு நாள்? துகளின் அளவு பாதியானால் இறங்கும் நேரம் நான்கு மடங்காகிறது. 15 கிரேடு எண்ணெயில், 35 டிகிரி சூட்டில், 30 சென்டிமீட்டர் உயரத்தைக் கடக்க 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளுக்கு அரை நாள் போதும். 2 மைக்ரான் துகளுக்கு இரண்டு வாரம் ஆகும். 1 மைக்ரானுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். ஆகவே இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் லேசான சாம்பல் மங்கல் பிளேடுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. கண்ணாடி போல் ஆக்கியே தீருவேன் என்று விலை உயர்ந்த ஃபில்டர் வாங்குவது தேவையற்ற செலவு என்பது என் கருத்து.

தெளியவைக்கும் கேனை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் சூடேறும்போது உள்ளே எண்ணெய் மேலும் கீழும் சுழன்று, இறங்கிய நுண்துகளை மறுபடி கிளப்பிவிடும். வடிகட்டும் பைக்கு வெயில், தெளியவைக்கும் கேனுக்கு நிழலான மூலை. சூடு பகலும் இரவும் அதிகம் மாறாத அறையாக இருந்தால் நல்லது. 20 லிட்டர் கேனில் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே ஒரு குழாய் பொருத்திவிட்டால் கேனைச் சாய்க்காமலே தெளிந்ததை எடுக்கலாம். சாய்த்தால் அடிமண்டி கலங்கிவிடும். கழுத்துவரை நிரப்பாமல் அரை லிட்டருக்கு இடம் விடுங்கள். 20 லிட்டர் எண்ணெய் 25 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரியும். இரண்டு கேன் வைத்துக்கொண்டு, ஒன்று தெளிய ஒன்று ஓட என்று மாற்றிக்கொண்டால் வேலை நிற்காது. ஆறு லிட்டர் தொட்டிக்கு மொத்தம் பன்னிரண்டு, பதினைந்து லிட்டர் கையிருப்பு இருந்தால் போதும்.

தண்ணீர்

எண்ணெயில் தண்ணீர் வருவது பெரும்பாலும் கல்லோடுதான். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மாடியில் கிடந்த கல்லை எடுத்துத் துடைத்துவிட்டு அப்படியே வைஸில் பிடிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. விரிசல்களில் நிற்கும் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடிக்குப் போய்ச் சேற்றோடு நிற்கும், தொட்டியின் தகட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். கழுவிய கல்லை இரண்டு நாள் வெயிலில் காயவிட்ட பிறகே எண்ணெயில் அறுக்க வேண்டும்.

எண்ணெய் சாம்பலாக இல்லாமல் மோர் போல வெளுத்துக் கலங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஒருநாள் வைத்தால் அடியில் தண்ணீர் தனி அடுக்காகத் தெரியும். கொஞ்சமே இருந்தால் பிரியாது. அப்போது மின்சார ஹாட்பிளேட்டில் சூடான தட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடிக்கும். கண்ணாடி அணிந்து, திறந்த இடத்தில், இரண்டே சொட்டு. எரியும் அடுப்பில் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீர் இருப்பது தெரிந்தால் கேனின் அடியிலிருந்து அதை இறக்கிவிடுங்கள். தொட்டியோடு எண்ணெயைச் சூடாக்கித் தண்ணீரை ஆவியாக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

எல்லாக் கல்லும் எண்ணெய்க்கு ஏற்றது அல்ல. டர்க்காய்ஸ், ஓப்பல், கிரிசோகொலா, மேக்னசைட் போன்ற நுண்துளை உள்ள கற்கள் எண்ணெயைக் குடித்துவிடும், நிறமும் மாறிப்போகும். இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய சிறிய டிரிம் சா, அதாவது சின்னத் துண்டுகளை அறுக்கும் மெஷின், தனியாக வேண்டும், வேலை முடிந்ததும் அந்தத் தொட்டியைக் காலி செய்து துடைத்துவிட வேண்டும். இதற்கு நேர்மாறானது நம் பல்லாவரத்துக் கருங்கல். சார்னோகைட் என்று உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் சொல்லும் பாறையின் மூல இடமே பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். துளையே இல்லாத இறுகிய கல், எண்ணெய் உள்ளே போகாது, கழுவினால் உடனே போய்விடும். வீடு கட்டும் இடத்தில் கிடைக்கும் ஒரு துண்டில் அறுத்துப் பழகிவிட்டு அகேட்டுக்குப் போவது நல்ல வழி. ஆனால் திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து கல்மரத் துண்டு (கல்லாக மாறிய பழங்கால மரம்) எதையும் எடுத்து வரக்கூடாது. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அறுக்கும்போது

மெஷின் நின்ற உடனே மூடியைத் திறப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஸ்லாப் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது கஷ்டம்தான். ஆனால் உள்ளே எண்ணெய்ப் பனி மிதந்துகொண்டிருக்கும், அதில் நுண்ணிய சிலிக்காவும் இருக்கும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து திறங்கள். பக்கத்தில் நிற்கும்போது பி95 அல்லது பி100 மாஸ்க். என்95 எண்ணெய்ப் பனிக்கு ஏற்றதல்ல. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் மெஷினை வைத்தால் அந்தப் பனி மேல்வீட்டுத் துணியில் படியும். மூடியைச் சுற்றி நைட்ரைல் பட்டை ஒட்டினால் பெரிதும் குறையும்.

கரன்ட் போவதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எடை தொங்கவிட்டுக் கல்லைத் தள்ளும் வகை மெஷினில், கரன்ட் போனாலும் எடை கல்லை பிளேடின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். கரன்ட் திரும்பும்போது பிளேடு இறுகிய நிலையில் கிளம்பி வளைந்துபோகும், அல்லது பெல்ட் வழுக்கி எரியும். கரன்ட் போன கையோடு ஸ்விட்சை அணைத்து, எடையைத் தூக்கி, கல்லைப் பின்னுக்கு இழுங்கள். கரன்ட் போனால் தானே விடுபட்டு, நாம் அழுத்தினால்தான் மறுபடி ஓடும் நோ வோல்ட் ஸ்டார்ட்டர் ஒன்றைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது. மெஷினுக்குப் போகும் லைனில் மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஸ்லாப்பைச் சுத்தம் செய்வது

அறுத்த ஸ்லாப்பை முதலில் தொட்டிக்கு மேலே ஒரு கம்பித் தட்டில் செங்குத்தாக நிறுத்தி அரைமணி நேரம் வடியவிடுங்கள். எண்ணெய் கணிசமாக மிச்சமாகும் இடம் இதுதான், ஏனென்றால் தொட்டியிலிருந்து குறையும் எண்ணெயில் பெரும்பங்கு ஸ்லாப்போடு போவதுதான். பிறகு தச்சுப் பட்டறை மரத்தூளில் புதைத்து ஒரு மணிநேரம் வைத்தால் மேற்பரப்பு எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பழைய பிரஷ். கொதிநீரை நேராக ஊற்றினால் விரிசல் உள்ள அகேட் பிளந்துவிடும். வெள்ளைப் பட்டையில் எண்ணெய் இறங்கிக் கருத்திருந்தால், ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சலவை சோடா கரைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பின் ஓர் இரவு ஊறவையுங்கள். ஒரு வாரம் தள்ளினால் இதற்கும் மசியாது என்பதால், கழுவுவதை அன்றே முடித்துவிட வேண்டும். எண்ணெய் மிச்சமிருக்கும் கல்லில் டாப் வேக்ஸ், அதாவது பாலிஷுக்காகக் கல்லைக் குச்சியில் ஒட்டும் மெழுகு, ஒட்டாது. பாலிஷ் பாதியில் கல் குச்சியிலிருந்து கழன்று பறக்கும்.

கைக்கு சீயக்காய்ப் பொடிதான் சோப்பைவிட நன்றாகக் கேட்கிறது. எண்ணெய்க் குளியலுக்கு எடுக்கும் அதே பொடி, தண்ணீர் தொடாமல் முதலில் வறட்டுக் கையில் தேய்த்துவிட்டு அப்புறம் கழுவினால் எண்ணெயோடு சாம்பல் பொடியும் போய்விடும். வெளிர்நிறக் கல்லுக்கு இதைப் போடாதீர்கள், கறை ஏறும்.

கழிவு

பைக்குள் இருக்கும் கட்டியை வெயிலில் இன்னும் காயவைத்துப் பொடியாக்கி எறியலாம் என்று தோன்றும். கூடாது. எண்ணெய்ப் பசை இருக்கும்வரை அந்தச் சிலிக்கா பறக்காது. சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டோ நன்றாகக் காயவைத்தோ விட்டால் அது மூச்சில் ஏறும் தூசி. ஈரப்பசையோடே தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். தரையில் சிந்திக் காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எண்ணெயைச் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ விடவே கூடாது. நம் வடிகால்கள் பெரும்பாலும் கடைசியில் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும்தான் போய்ச் சேர்கின்றன. வீட்டு ஓரத்து மண்ணில் ஊற்றினால் அடுத்த தெருவின் கிணறு வரை போகலாம். பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்தான் எடுக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலை முறையாகச் சேர்த்துக் கொடுக்கும் வண்டிப் பட்டறையிடம் கேட்டால் உங்கள் கேனையும் சேர்த்துக்கொள்வார்கள். சேற்றை ஒழுங்காகப் பிரித்துவந்தால் அந்தத் தேவை அடிக்கடி வராது. ஸ்லாப்போடு போன அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றி, கோட்டுக்கு மட்டத்தைக் கொண்டுவந்து, ஸ்கேலை விட்டு அடியைப் பார்த்துவிட்டு அடுத்த கல்லை வைஸில் பிடிக்கலாம்.